எஃப்ரென் ரெய்ஸுக்கு முதலிடம், சிசெரோ மர்ஃபிக்கும் ஓர் இடம்

மேசையின் குழிகளில் பந்தைத் தள்ளும் பாக்கெட் பில்லியர்ட்ஸில் (பூல்) உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். எஃப்ரென் ரெய்ஸ். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் காசு போட்டு ஆடும் மேசையைச் சுற்றி நிற்கும் தம்பிகள் இதை ஒத்துக்கொள்வதில்லை. "ஷேன் வான் போனிங்தான் அண்ணா, கோப்பைக் கணக்கைப் பாருங்கள்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். அந்தச் சத்தத்தில் என்னால் முழுதாகப் பேச முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வான் போனிங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பிறவியிலேயே காது சரியாகக் கேட்காத அமெரிக்கர். யூ.எஸ். ஓப்பன் நைன்-பால் பட்டத்தை ஐந்து முறை வென்றிருக்கிறார், அதில் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று. (நைன்-பால் என்பது மேசையில் இருப்பதில் எண் சிறிய பந்தையே முதலில் தொட வேண்டிய ஆட்டம்; ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுபவருக்கு வெற்றி.) 2022-ல் உலகப் பட்டமும் வந்தது. இன்னொரு அமெரிக்கரான எர்ல் ஸ்ட்ரிக்லாண்டும் யூ.எஸ். ஓப்பனை ஐந்து முறை வென்றவர்தான். அவருக்கு 1990, 1991, 2002 என்று உலகப் பட்டங்கள் மூன்று. ரெய்ஸ்? யூ.எஸ். ஓப்பன் ஒரே ஒரு முறை, 1994-ல். உலக நைன்-பால் ஒரு முறை, 1999-ல் கார்டிஃபில். இந்த இரண்டு போட்டிகளை மட்டும் வைத்து எண்ணினால் தம்பிகள் ஜெயித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த 1994 வெற்றியைப் பாருங்கள். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிலிப்பைன்ஸில் பம்பங்கா பக்கம் பிறந்து, மணிலாவில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் உயரம் எட்டாமல் சோடாப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று பழகியிருக்கிறார். 1985-ல் அமெரிக்காவுக்குப் போய் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் ஆடி, அங்கிருந்த பெரிய கைகளையெல்லாம் வீழ்த்தினார். அப்போதே வயது முப்பதைத் தொட்டாயிற்று. மணிலாவில் கழிந்த அந்த இருபதுகளை எந்தக் கோப்பைப் பட்டியலில் தேடுவது?

அப்புறம் 1995-ல் ரீனோ நகரத்தில் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிராக அடித்த அந்த அடி. ஐந்தாம் எண் பந்து மற்றப் பந்துகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது, நேராக அடிக்க வழியே இல்லை. வேறு யாராக இருந்தாலும் எப்படியாவது அதைத் தொட்டுவிட்டு ஃபவுல் ஆகாமல் தப்பினால் போதும் என்றுதான் நினைப்பார்கள். ரெய்ஸ் கொஞ்ச நேரம் பார்த்தார், குனிந்தார். வெள்ளைப் பந்து ஒரு குஷனில், அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தில், மோதி, எதிர்க் குஷனுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து ஐந்தைக் குழிக்குள் தள்ளியது. அத்தோடு அடுத்த பந்துக்குத் தோதான இடத்திலும் போய் நின்றது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதிர்ஷ்டம் என்று சொல்ல இடமே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அடியின் அருமை நன்றாகவே தெரியும். நாம் ஆடுவது சிவப்பு, மஞ்சள் பந்துகளோடு, சின்ன மேசையில். பந்துகள் நெருக்கியடித்துக் கிடக்கும், இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் எதன் பின்னாலாவது மாட்டிக்கொண்டிருப்பார். துணி தேய்ந்து, ஒரு பக்கக் குஷன் செத்துப்போன மேசையில் ஒரு குஷன் அடித்துப் பந்தைத் தொடுவதே பெரிய பாடு. இங்கே ஆடிப் பழகியவனுக்கு மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்கிறான் என்பதுதான் ஆட்டக்காரனின் அளவுகோல். அதில் ரெய்ஸுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

1996-ல் ஹாங்காங்கில் அதே இரண்டு பேர் மூன்று நாள் மோதினார்கள். முதலில் 120 ஆட்டம் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர். ஒரு கட்டத்தில் 17 ஆட்டம் பின்தங்கியிருந்த ரெய்ஸ் 120-க்கு 117 என்று முடித்தார். ஸ்ட்ரிக்லாண்டுக்கு நான் இரண்டாம் இடம் கொடுப்பதற்கும் அந்த மூன்று நாள்தான் காரணம். அவ்வளவு நெருக்கமாகத் தோற்றவரை அதற்குக் கீழே இறக்க முடியாது.

மூன்றாவது வில்லி மொஸ்கோனி. 1941-க்கும் 1957-க்கும் இடையில் பதினைந்து முறை உலகச் சாம்பியன். 1954-ல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பந்துகளை மறுபடி மறுபடி அடுக்கி ஆடும் ஸ்ட்ரெய்ட் பூலில் விடாமல் 526 பந்துகளைக் குழியில் போட்டார். அந்தச் சாதனையைத் தாண்ட 2019-ல் ஜான் ஷ்மிட் 626 போடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் இவரைத்தான் முதலில் வைக்கிறார்கள். என்னால் முடியவில்லை. காரணம், அந்தக் காலத்து உலகப் போட்டிகளின் வாசலில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. மொஸ்கோனி எதிரே வந்தவர்களை எல்லாம் வென்றார், அது அவர் பெருமை. எதிரே வர விடாதவர்களின் கணக்கை யார் எழுதுவது?

நியூயார்க்கின் சிசெரோ மர்ஃபி அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர். கிழக்கு மாநிலங்களில் பட்டம் மேல் பட்டம் வாங்கியும் பெரிய போட்டிக்கு அழைப்பு வரவில்லை. கடைசியில் 1965-ல் கலிபோர்னியாவின் பர்பாங்கில் நடந்த உலகப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் தடவையிலேயே வென்றுவிட்டார்.

டர்பன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1963-ல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்ற நம் பாப்வா சீகோலத்தை, இந்தியர் என்பதற்காக கிளப் கட்டடத்துக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். 1965-ல் நம் நாட்டு வெள்ளைக்கார கோல்ஃப் நட்சத்திரம் கேரி பிளேயரையே முந்தி அதே பட்டத்தை மறுபடியும் எடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டு அவரை ஆடவே விடவில்லை. பிளேயருக்கு கோல்ஃபின் மிகப் பெரிய பட்டங்களான மேஜர் ஒன்பது, பாப்வாவுக்கு ஒன்றுமில்லை. இந்த எண்ணிக்கையை மட்டும் காட்டி, பாப்வா சாதாரண ஆட்டக்காரர் என்று எங்கள் அப்பா காலத்து ஆள் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எழுந்து போய்விடுவார். மர்ஃபிக்கு மட்டும் நாம் ஏன் வேறு கணக்குப் போட வேண்டும்?

ஆகவே நான்காவது வான் போனிங், ஐந்தாவது சிசெரோ மர்ஃபி. 1972 முதல் 1978 வரை ஏழு ஆண்டும் பெண்கள் யூ.எஸ். ஓப்பனை விட்டுக்கொடுக்காத ஜீன் பலூகாஸ் ஆறாவது. தொடங்கும்போது பதின்மூன்று வயது! பதினாறு வயதில், 2005-ல், எய்ட்-பால், நைன்-பால் இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற தைவானின் வு ஜியா-சிங் ஏழாவது. இன்றைய இளம் ஆட்டக்காரர்களான ஃபெடோர் கோர்ஸ்ட், ஜோஷுவா ஃபில்லர் இருவருக்கும் இன்னும் வயது இருக்கிறது, அவர்களை இப்போதே வரிசையில் நிறுத்த நான் தயாரில்லை.

மர்ஃபியின் இடம்தான் சண்டைக்கு வரும் என்று தெரியும். வாருங்கள். அவரை இறக்க வேண்டும் என்றால், 1965-க்கு முன் அவரை உள்ளே விட்டிருந்தால் மொஸ்கோனியின் பதினைந்தில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.