பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?

ஐசியு கதவுக்கு வெளியே நிற்கிற எவரிடமும் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி இது. மகன், மருமகள், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். இருபது வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவர் உள்ளே படுத்திருந்தால் வெளியே நிற்பவரிடம் அந்தச் சொல் இல்லை. "ஃப்ரெண்ட்" என்பார். "அப்ப வீட்ல இருந்து யாரையாவது வரச் சொல்லுங்க" என்பார்கள்.

தன்பாலின இணையரில் ஒருவருக்குத் தீராத நோய் வருகிற காதல் கதைகள் உலகம் முழுக்க நிறைய வந்துவிட்டன. அவற்றில் பலவும் கட்டிலருகே கண்ணீர், வாசலில் முறைக்கும் குடும்பம் என்ற இரண்டு காட்சிகளோடு நின்றுவிடுகின்றன. நடுவில் இருக்கிற காகிதத்தை யாரும் காட்டுவதில்லை. சலிப்பான விஷயம் என்று நினைக்கிறார்கள் போலும். இந்தக் காதலின் பாரம் முழுக்க அந்தக் காகிதத்தின் மேல்தான் இறங்குகிறது என்பது என் எண்ணம்.

நமக்குப் பழகிய கதையை நினைத்துப் பாருங்கள். நாயகிக்கு ரத்தப் புற்றுநோய், மூக்கில் ஒரு சொட்டு ரத்தம், கடைசி ரீலில் கணவன் மடியில் உயிர் பிரியும். அந்தக் கணவனை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, கொள்ளி வைக்க, வீட்டில் தொடர்ந்து குடியிருக்க அவனுக்கு உரிமை உண்டு, அதனால் கதை நோயை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு ஆண்களின் கதையை அதே அச்சில் வார்த்தால் பாதிக் கதை கதவுக்கு வெளியிலேயே நின்றுபோகும்.

எய்ட்ஸ் காலத்து அமெரிக்காவைப் பற்றி 1989-ல் எடுத்த 'லாங்டைம் கம்பானியன்' படத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதே இதைச் சொல்லிவிடும். 'நெடுநாள் தோழர்' என்று அர்த்தம். இறந்தவரின் காதலரைக் காதலர் என்று எழுத மறுத்த செய்தித்தாள்கள் இரங்கல் குறிப்பில் போட்ட சொல் அது. நம் தெருக்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், சம்பந்திகள் வரை வரிசையாகப் பெயர் வரும். கடைசி ஆறு மாதம் ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்க வைத்து, மலம் எடுத்தவர் அந்தப் பட்டியலில் எந்த வரியில் வருவார்?

என்னைக் கேட்டால் இந்த வகையில் இதுவரை வந்த பெரிய காதல் கதை திரையில் இல்லை, ஒரு நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம். ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர். இருபது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 2011-ல் ஜானுக்கு ஏஎல்எஸ் என்று உறுதியானது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் அது. கால் இழுக்கும், கையில் பிடித்தது நழுவும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுக்கான தசைகளும் கைவிடும். பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான். பலருக்கும் இத்தனையும் நடக்கும்போது அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும்.

2013-ல் ஜான் படுத்த படுக்கை. அந்த வருடம் ஜூன் 26 அன்று, திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்றிருந்த மத்திய அரசுச் சட்டப் பிரிவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கும் நோயில் முடிந்த ஒரு காதலிலிருந்து வந்ததுதான். பல்லாண்டுகள் நரம்பு நோயோடு வாழ்ந்து 2009-ல் இறந்த மனைவியின் சொத்துக்காக, எடித் வின்ட்சர் என்ற பெண்மணியிடம் 3,63,053 டாலர் வாரிசு வரி வாங்கியிருந்தார்கள். கணவன் இறந்த மனைவியாக இருந்திருந்தால் ஒரு காசு கட்ட வேண்டியிருக்காது. செய்தி வந்தபோது ஜிம் கட்டிலருகில் இருந்தார். குனிந்து ஜானை முத்தமிட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஒஹையோவில் முடியாது. மேரிலாந்தில் முடியும், அங்கே உரிமம் வாங்க இருவரில் ஒருவர் நேரில் போனால் போதும். ஜிம் போய் வாங்கி வந்தார். ஆனால் சடங்குக்கு இருவரும் அந்த மாநில மண்ணில் இருக்க வேண்டும். ஜானால் உட்கார முடியாது, ஆம்புலன்ஸில் அவ்வளவு தூரம் போனால் உடம்பு தாங்காது. உறவினர்களும் நண்பர்களும் பணம் போட்டு, மருத்துவ வசதியுள்ள ஒரு சிறு விமானத்தை அமர்த்தினார்கள். 2013 ஜூலை 11 அன்று பால்டிமோர் விமான நிலையத்தில் அது இறங்கி ஓரமாக நின்றது. யாரும் கீழே இறங்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஜான், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி ஜிம், நடத்தி வைத்தது ஜானின் அத்தை. சில நிமிஷங்களில் சடங்கு முடிந்தது, விமானம் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் கதையை முடிக்கத்தான் எந்த இயக்குநருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கு இதற்கு அடுத்த காட்சிதான் முக்கியம். செய்தியைப் படித்த அல் கெர்ஹார்ட்ஸ்டைன் என்ற சிவில் உரிமை வழக்கறிஞர், நிரப்பாத இறப்புச் சான்றிதழ்ப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். திருமண நிலை என்று ஒரு கட்டம், உயிரோடிருக்கும் துணையின் பெயர் என்று ஒரு கட்டம். ஜான் இறந்தால் முதல் கட்டத்தில் 'மணமாகாதவர்' என்று எழுதுவார்கள், இரண்டாவது காலியாக இருக்கும் என்று காட்டினார். விமானம் வைத்துப் போய்ச் செய்த கல்யாணத்தை ஒரு குமாஸ்தாவின் பேனா அழித்துவிடும் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

ஜூலை 19 அன்று வழக்குப் போட்டார்கள், 22 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. பிறகு, சான்றிதழ் நிரப்புகிறவர் என்ற முறையில் ஓர் ஈமச்சடங்கு நிர்வாகியும் வழக்கில் சேர்ந்துகொண்டார். அக்டோபர் 22 அன்று ஜான் இறந்தார், சான்றிதழில் ஜிம்மின் பெயர் ஏறியது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது, 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜிம்முக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஜிம் பக்கம் நின்றது. நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய தீர்ப்பு அதுதான். வழக்கின் பெயர் 'ஓபர்கெஃபெல் எதிர் ஹாட்ஜஸ்'. எதிர்த்தரப்பில் இருக்கும் ஹாட்ஜஸ் யார் என்று பாருங்கள்: ஒஹையோ சுகாதாரத் துறையின் அப்போதைய இயக்குநர். இறப்புச் சான்றிதழ் கொடுப்பது அந்தத் துறை.

இங்கே வருவோம். 2018 செப்டம்பர் 6-ல், தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377-வது பிரிவின் பிடி விலகியது. 2023 அக்டோபர் 17-ல் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலின இணையருக்குத் திருமண உரிமை கிடையாது, அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, இரண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பமாவதற்கு வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று எழுதியது. மனதுக்கு மிகத் தெம்பான வரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு டூட்டி டாக்டரிடம் அதைக் காட்டி வேலை நடக்காது. அந்த நேரத்துக்குக் கையில் வேறு காகிதங்கள் வேண்டும், நோய் உறுதியான முதல் மாதத்திலேயே வேண்டும்.

முதலில் மருத்துவம். நோயாளி நினைவோடு இருக்கும்வரை அவர் சம்மதமே சம்மதம். அட்மிஷன் அன்றே, 'என் உடல்நிலை பற்றிய எல்லாத் தகவலையும் இவரிடம் சொல்லலாம், எனக்கு அட்டெண்டர் இவர்' என்று அவர் கைப்பட எழுதி இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நினைவு போன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். அதற்குப் பலரும் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மிக ஆபத்தான நிம்மதி அது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தாலே அந்தப் பத்திரம் செத்துவிடும். எந்த நாளுக்காக எழுதினீர்களோ அந்த நாளில் அது வெறும் தாள்.

அந்த நாளுக்கானது முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம், லிவிங் வில் என்கிறார்களே அது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரி 24-ல் அதை எளிதாக்கினார்கள். பதினெட்டு வயது, தெளிந்த மனம், இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம், அவ்வளவுதான். மீள வழியில்லாத கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பொத்தாம்பொதுவாக எழுதாமல் ஒவ்வொன்றாக எழுதுங்கள். நீங்கள் பேச முடியாதபோது முடிவெடுக்க ஒருவருக்கு மேல் பெயர் குறிக்கலாம். 'கார்டியன் அல்லது நெருங்கிய உறவினர்' என்பதுதான் தீர்ப்பின் வாசகம், ஆகவே இணையரைக் கார்டியன் என்றே எழுதுங்கள், நண்பர் என்று எழுதாதீர்கள். இரண்டாவது பெயராக ஒத்துழைக்கிற அக்கா, தம்பி யாராவது இருந்தால் சண்டை பாதியாகக் குறையும். சிகிச்சையை நிறுத்தும் முடிவு மூன்று பேருக்குக் குறையாத மருத்துவக் குழுவிடமும், பிறகு இரண்டாவது குழுவிடமும் போகும், ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். பிரதி ஒன்று டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில். அங்கே நேரில் வாங்கத் தயங்கினால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி நோய் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 14-வது பிரிவு, வயது வந்த எவரையும் 'நியமனப் பிரதிநிதி' ஆக்கலாம் என்கிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும், ரத்த உறவு கேட்பதில்லை. மனநலச் சிகிச்சைக்கு மட்டும்தான் செல்லும், இருந்தாலும் எழுதி வையுங்கள்.

பணத்தில் எல்லாரும் விழுகிற குழி நாமினி. தன்பாலின இணையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினி ஆக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் தெளிவாக்கியது. கவுண்ட்டரில் "ரத்த சொந்தம்தான் போடணும்" என்றால் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டுங்கள். ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் வாரிசுதான். இன்சூரன்ஸில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். இணையருக்கு அந்தச் சலுகை இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், மணமாகாத ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அம்மாவுக்கு முதல் உரிமை, பிறகு அப்பா, பிறகு உடன்பிறந்தார். பட்டியல் அதற்கு மேலும் நீளும். இணையர் அதில் எங்கேயும் வர மாட்டார்.

ஆகவே உயில். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்த உயில் எதிர்க்கப்படும் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். மார்ஃபின் ஓடிக்கொண்டிருக்கிற கடைசி வாரத்தில் போட்ட கையெழுத்தை, "சுயநினைவில் போடலை" என்ற ஒரே வரியால் உடைக்கப் பார்ப்பார்கள். நல்ல தெளிவோடு இருக்கும்போதே எழுதி, தெளிந்த மனதோடு இருக்கிறார் என்று அன்றைய தேதியிட்ட டாக்டர் சான்றையும் வாங்குங்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, நாளைக்கு கோர்ட்டுக்கு வரத் தயங்காதவர்களாக இருக்கட்டும். அம்மாவுக்கு ஏன் கொடுக்கவில்லை, அல்லது எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். காரணம் சொல்லாத உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கக்கூடும்.

உடலைப் பெறுவது பற்றிச் சட்டம் இன்னும் முழுசாக வாய் திறக்கவில்லை. நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது இணையர் உடலைக் கேட்டுப் பெறலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2024-ல் மாநிலங்களுக்கு எழுதியது. உறவினர் வந்து நின்று மறுத்தால்? அதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவரிடமாவது வாய்விட்டுப் பேசி வைப்பதைத் தவிர இப்போதைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இது கொடுமை என்பதை மென்று விழுங்காமல் சொல்கிறேன்.

தமிழில் இப்படியொரு காதல் கதை எடுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு காட்சி. நடமாட முடியாதவர் என்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வந்து உயிலைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டிலில் ஒருவர். பேனா பிடிக்க விரல் வராது, கைநாட்டுத்தான். இரண்டு சாட்சிகள், அதிகாரி, மைப் பெட்டி. சொத்து யாருக்குப் போகிறதோ அவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் நின்று வற்புறுத்தி எழுதி வாங்கினார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். அதனால் இருபது வருஷம் கூட வாழ்ந்தவர், தன் வீட்டிலேயே கதவுக்கு வெளியே போய் நிற்கிறார். உள்ளே ஒவ்வொரு கேள்விக்கும் குழறலாகப் பதில் சொல்கிற குரல் மட்டும் கேட்கிறது. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியோடு உள்ளே வந்து, அந்தக் கட்டைவிரலை எடுத்து மையைத் துடைத்துவிடுகிறார்.