ஏலத்துக்கு முன் வில்லங்கம் மட்டும் பார்த்தால் போதாது

செட்டிநாட்டு வீடு வங்கி ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், விலை என்னவோ சல்லிசுதான். காரைக்குடி பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு நானும் அலைந்தேன். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள் அப்படியே நிற்கின்றன, ஆனால் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து மழைத் தண்ணீர் நேராகக் கையால் வார்த்த ஆத்தங்குடிக் கல் தரையில் கொட்டுகிறது, சுவர் விரிசலில் அரசங்கன்று என் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது.

சரி, அதையெல்லாம் செலவு செய்து சரிபண்ணலாம். பங்காளிகளை என்ன செய்வது? வீட்டை வங்கியில் அடமானம் வைத்தவருக்கு இருந்தது பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டும்தான். 1882 சொத்து மாற்றச் சட்டம் 44ஆம் பிரிவுப்படி, கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால் மற்றவர்களோடு சேர்ந்து குடியேறும் உரிமை அவருக்குக் கிடையாது, பாகப்பிரிவினை வழக்குதான் போட வேண்டும். ஏல அறிவிப்பிலோ 'உள்ளது உள்ளபடி' என்று ஒரே வரி, அதாவது குறையோடு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டியிருந்த அறைகளைத் திறந்து காட்டக்கூட ஆளில்லை.

ஜெயித்தால், ஏலத்தில் சேரக் கட்டிய முன்பணத்தோடு சேர்த்து ஏல விலையில் 25 சதவீதம் உடனே கட்ட வேண்டும், மீதியை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளுக்குள். தவறினால் கட்டியதும் போச்சு. இந்த மாதிரி பங்குச் சொத்துக்கு 15 நாளில் எந்த வங்கி கடன் தரும்? நான் ஏலம் கேட்கவே இல்லை, வந்துவிட்டேன். அந்தத் தூண்கள் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.