சந்திர சூரியர் உள்ளவரை, அல்லது அஞ்சு வருஷம்

நேத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு வந்துச்சுங்க வருமான வரித் துறை நோட்டீஸ். புதன்கிழமைக்குள்ள பதில் போடோணுமாம். நடுவுல ரெண்டு நாள் லீவு. சின்ன டிரஸ்டுக்குக் கணக்கு எழுதற அத்தனை பேருக்கும் இந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் நல்லாத் தெரியும், நான் வேற சொல்லோணுமா?

கேள்வியப் பாருங்க. டிரஸ்ட் கலைஞ்சு போனா சொத்து யாருக்குன்னு பத்திரத்துல இல்லியே, ஏன்? இது மீட்டுக்கொள்ள முடியாத அறக்கட்டளை, குடுத்த சொத்தைத் திரும்ப எடுத்துக்க மாட்டோம்னு ஒரு வரி இல்லியே, ஏன்? பத்திரம் தமிழ்ல இருக்குது, இங்கிலீஷ்ல பெயர்த்துக் குடு. செய்யற வேலையெல்லாம் நெசந்தான்னு போட்டோவோட நிரூபி.

எங்க டிரஸ்ட் பத்திரம் 1994ல எழுதினது. காங்கேயம் பக்கத்துல ஒரு பத்திர எழுத்தர், வேப்பமரத்தடியில உக்காந்து, "சந்திர சூரியர் உள்ளவரை இந்த தர்மத்தை நடத்தி வரவேண்டியது"ன்னு எழுதி வெச்சிருக்காரு. மீட்டுக்க மாட்டோம்னு இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிங்க எழுதுவான்? சூரியன் அணைஞ்சு போச்சுன்னா ஓட்டுச்சாளை யாருக்குப் போகும்னு அவரு ரோசனை பண்ணல. தப்புத்தான்.

சொத்துன்னா என்ன பெருஞ்சொத்து? மூணு சென்ட்டுல ஒரு ஓட்டுச்சாளை, நாலு பெஞ்சு, ஒரு மோட்டார். சாயங்காலம் புள்ளைகளுக்கு டியூசன், ஜூன்ல நோட்டுப் புஸ்தகம், மழைக்கு முன்னால குட்டை தூர்வார்றது. வருஷத்துக்கு நாலு லட்சம் வசூலாச்சுன்னா எங்களுக்கு நோம்பி.

முன்னெல்லாம் 12ஏ, அதாவது டிரஸ்டுக்கு வருமான வரி விலக்குக் குடுக்கற பதிவு, ஒருக்கா வாங்கினா வாங்கினதுதான். 2020 நிதிச் சட்டத்துல அதை மாத்தி, எல்லாரும் திரும்பப் பதிவு பண்ணுங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கங்கன்னுட்டாங்க. திரும்பப் பதிவு பண்ற 10ஏ படிவத்துக்குக் கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2024 ஜூன் 30 வரைக்கும் கொண்டுபோனாங்க. நாங்க நல்ல புள்ளையா 2021லயே போட்டுட்டோம். அதுக்கு என்ன பரிசு? எங்க பதிவு 2026 மார்ச் 31 வரைக்குந்தான், அதுக்கு ஆறு மாசம் முன்னாலயே, 2025 செப்டம்பர் 30க்குள்ள புதுப்பிக்கற படிவம் 10ஏபி போட்டாகோணும்னாங்க. மறந்துட்டா? 2023ல அதுக்கும் ஒரு வழி பண்ணி வெச்சாங்க. வருமான வரிச் சட்டத்துல 115டிடின்னு ஒரு பிரிவு. கடன் போக இருக்கற சொத்து மதிப்புக்கே உச்ச விகிதத்துல வரி. நாலு பெஞ்சுக்கு உச்ச விகிதம்!

அந்த செப்டம்பர் 30 ராத்திரியைச் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு ஆறாது.

மறுநாள் ஆயுத பூஜை. நான் வேலை பாக்கற கம்பெனியில மெஷினெல்லாம் தொடைச்சுப் பொட்டு வெச்சு, எல்லாரும் பொரியோட கெளம்பிட்டாங்க. நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால. படிவம் முழுக்க ரொப்பியாச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு, எங்க நிர்வாக அறங்காவலரோட ஆதார் ஓடிபி. அவரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், 79 வயசு, கையில பட்டன் போன், இருக்கறது தோட்டத்துச் சாளையில. அங்க டவர் கிடைக்கற ஒரே எடம் கெணத்துமேடு.

ஒம்பது மணிக்கு மொத ஓடிபி அனுப்பினேன். 15 நிமிஷம் செல்லும்.

"வாத்தியாரய்யா, மெசேஜ் வந்துச்சுங்களா?"

"சித்தெ இரம்மிணி, டார்ச் லைட்டைக் காணோம்."

டார்ச் கிடைச்சு, செருப்பு கிடைச்சு, மேட்டுக்கு ஏறி, "வந்திருச்சு"ன்னாரு. படிச்சாரு. முழுசாப் படிச்சாரு. அவரோட ரீசார்ஜ் நாளையோட முடியுதாம்.

ரெண்டாவது ஓடிபி. இது சரியான மெசேஜ்தான். ஆனா வாத்தியாராச்சே, மொத எழுத்துல இருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படிச்சாத்தான் அவருக்கு நிம்மதி. படிச்சு முடிச்சுட்டு, "அம்மிணி, இந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதே, உனக்குச் சொல்லலாமா?"ன்னு கேட்டாரு. அந்த ராத்திரியில விதிப்படி நடந்துக்கிட்ட ஒரே மனுசன் அவருதான், அதை நான் ஒத்துக்கறேன். சொல்லலாங்கன்னு நான் தொண்டை கிழியச் சமாதானம் பண்றதுக்குள்ள 15 நிமிஷம் போச்சு.

மூணாவது. "மூன்று, மூன்று. ஏழு, ஏழு. ஒன்று, ஒன்று." 36 வருஷம் சொல்வதெழுதுதல் போட்ட வாயி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சொல்லுது. ஆறு எண்ணு பன்னெண்டா வந்து விழுகுது. "ரெண்டு மூணுங்களா, ஒரு மூணுங்களா?"ன்னு கேட்டா, "கவனிச்சிருக்கோணும்"கறாரு! நான் அவருகிட்ட ஏழாம் வகுப்புப் படிச்சவ. எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேக்காதது ஒண்ணுதான் பாக்கி.

நாலாவதுக்கு எண்ணு சரியா வந்துச்சு, அடிச்சேன், வருமான வரி இணையதளம் என்னை வெளிய தள்ளிருச்சு. நெம்ப நேரம் சும்மா இருந்தனாம். நானு! சும்மா!

"அம்மிணி, சோறு உண்டுட்டு வரட்டுமா?"

வேண்டாங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்குது? உண்டுட்டு வந்தாரு. பதினொண்ணே முக்காலுக்கு ஏறுச்சு. கம்பெனி வாட்ச்மேன் என்னைப் பாத்து, "யாரோ தவறிட்டாங்களா அம்மணி?"ன்னு கேட்டாரு.

இத்தனை பாடுபட்டுப் போட்டதுக்குத்தான் நேத்து வந்த நோட்டீஸ்.

வெளிச்சமும் இல்லாம இல்ல, சொல்லிடறேன். 2025 நிதிச் சட்டத்துல சின்ன அமைப்புகளுக்குக் கருணை காட்டியிருக்காங்க. முந்தின ரெண்டு வருஷமும் வருமானம் 5 கோடியத் தாண்டலைன்னா பதிவு பத்து வருஷம் செல்லும். ஆகா! ஆனா நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு தர்ற 80ஜி? அது பழையபடி அஞ்சே வருஷம். ஒரே டிரஸ்ட், ஒரே ஓட்டுச்சாளை, வலது கைக்குப் பத்து, இடது கைக்கு அஞ்சு.

அந்த 80ஜியாச்சும் யாருக்கு உதவுது? 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா கழிவு கிடையாது. குட்டைக்கு சிமெண்டு குடுத்தாரு ஒரு மில் ஓனர், பொருளாக் குடுத்தாலும் கிடையாது. சரி, பேங்க்ல போட்டவங்க? முக்கால்வாசிப் பேரு புது வரி முறையில இருக்காங்க, அதுல 80ஜி கழிவே இல்ல! ஆனாலும் 500 ரூபாய் குடுத்த ஒவ்வொரு ஆத்தாகிட்டயும் நான் போயி, பான் கார்டு இல்லீன்னா ஆதார், அதுவும் இல்லீன்னா ரேஷன் கார்டுன்னு நம்பர் வாங்கி, மே 31க்குள்ள 10பிடின்னு நன்கொடைக் கணக்குப் படிவம் போடோணும். தவறினா ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். ஆத்தாளோட 500 ரூபாய் ரெண்டரை நாளைக்குக் காணும். "ரேஷன் கார்டு எதுக்கு கண்ணு, திருப்பித் தரப்போறியா?"ன்னு கேட்டுச்சு ஒரு ஆத்தா.

காலேஜு மேல காலேஜாக் கட்டி, அதையும் அறக்கட்டளைன்னு சொல்றவங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அவங்ககிட்ட ஒரு மாடி முழுக்க ஆடிட்டருங்க. எங்களுக்கு நானு, வாத்தியாரய்யா, ஒரு கெணத்துமேடு.

இன்னிக்குக் காலையில மொழிபெயர்ப்பு வேலை. என்ற தங்கச்சி பையன், "இதெல்லாம் போனே பண்ணிரும் பெரியம்மா"ன்னு பத்திரத்தைப் படம் புடிச்சு ஒரு செயலியில போட்டான். அது சந்திர சூரியரை ஒரு ஆளாக்கிருச்சு. திருவாளர் சந்திர சூரியர் உள்ளே இருக்கும் வரைக்கும் தர்மம் நடக்கோணுமாம். அப்படியே அனுப்பியிருந்தா அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேற்படி சந்திர சூரியரின் பான் எண்ணைத் தரவும்னு வந்திருக்கும். சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. அவன் பயந்து எங்கம்மாளைக் கூப்பிட்டான்.

போட்டோவும் எடுத்தாச்சு. தூர்வார்றதுக்கு முன்னால குட்டை, தூர்வாரினதுக்கு அப்புறம் குட்டை. மழை பெய்யல, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது. ஒவ்வொரு ஃபைலும் 5 எம்பிக்குள்ள இருக்கோணும்னு சுருக்கிச் சுருக்கி, இப்ப அது குட்டையா, வாத்தியாரய்யாவோட வழுக்கையான்னே தெரியல.

இதுக்கு நடுவுல அவரே கூப்பிட்டாரு. "அம்மிணி, ஓடிபி வந்திருக்குது, எழுதிக்கிறயா? எட்டு, எட்டு..." அது அவரு வீட்டு கேஸ் சிலிண்டருக்கு வந்த நம்பருங்க. செப்டம்பர்ல இருந்து அவருக்கு எந்த நம்பர் வந்தாலும் எனக்கு ஒப்பிச்சிடறாரு.

தலைவலி தாங்காம பேக்கரிக்குப் போயி ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கினேன். அந்தப் பன்னைப் பாத்தீங்களா இப்பெல்லாம்? உள்ள தேங்காய்ங்கறது ஒரு வதந்தி மாதிரி இருக்குது. சுத்தியும் தென்னந்தோப்பு இருக்கற ஊருலீங்க இது! கேட்டா, "தேங்காய் வெலை தெரியுமாக்கா?"ங்கறான்.