வறுமையை மேம்படுத்துவதா?

சுன்னாகம் சந்தைக்குப் போகும் வழியில், வீதியோரத்துப் பூவரசின் கீழ் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. ‘கிராமிய வறுமையை மேம்படுத்தும் செயற்றிட்டம்’ என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நான்கு மாதங்களாக நாள்தோறும் அதைக் கடந்து சைக்கிளில் போகிறேன். நாள்தோறும் நெஞ்சு கொதிக்கிறது. வறுமையை மேம்படுத்தினால் வறுமை அல்லவா ஓங்கும்? வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் குனிந்து நின்றுவிட்டு வீடு திரும்பும் மனிதருடைய கண் படும் இடத்தில், உன்னுடைய இல்லாமையை வளர்க்கப் போகிறோம் என்று அவருடைய மொழியிலேயே எழுதி நாட்டியிருக்கிறார்கள்.

பலகையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆங்கில வாசகத்தைப் படித்ததும் தவறு பிறந்த இடம் விளங்கிவிட்டது. அங்கே ‘அமீலியரேற்’ (ameliorate) என்ற வினைச்சொல் இருக்கிறது. ‘மேலும் நல்லது’ என்று பொருள்படும் ‘மெலியோர்’ என்னும் இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டு, பிரெஞ்சின் சாயலோடு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. வேரை மட்டும் பார்த்தால் ‘மேம்படுத்து’ பொருந்துவதுபோலத்தான் தோன்றும். ஆனால் சொல்லின் பொருளை வேர் மட்டும் தீர்மானிப்பதில்லை, வழக்கும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஏற்கெனவே நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘இம்புறூவ்’ இருக்கிறது; ‘அமீலியரேற்’ என்பதோ கெட்டுக் கிடப்பதை, தாங்க முடியாமல் இருப்பதை, ஓரளவுக்காவது தாங்கத்தக்கதாக்கும் இடத்திலேயே பெரும்பாலும் வரும். கைதிகளின் வாழ்நிலையை அப்படிச் செய்யலாம், வறட்சியின் பாதிப்பையும் அப்படிச் செய்யலாம். முன்னதில் வாழ்நிலை உயர்கிறது. பின்னதில் பாதிப்புக் குறைகிறது. இரண்டையும் ஆங்கிலம் ஒரே வினையால் சொல்லிவிடுகிறது. தமிழில் அது நடவாது. ‘மேம்படு’ என்பதற்குள் ‘மேல்’ நிற்கிறது. அதற்குச் செயப்படுபொருளாக எது வந்தாலும் அது மேலே ஏறியே தீரும். வாழ்வை மேம்படுத்தலாம். வறுமையைத் தணிக்கத்தான் வேண்டும்.

இதைச் சொல்வதற்காக உரிய அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையோடு இருத்தி, தம்முடைய போனில் ஓர் அகராதியைத் திறந்து காட்டினார். “சேர், இதிலை ‘மேம்படுத்து’ எண்டுதானே கிடக்கு?” என்று கேட்டார். கிடந்தது உண்மைதான். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதற்கு நேரே ஒரு கோடு என்று ரியூசன்களில் அச்சடித்துக் கொடுக்கும் தாள்களின்மேல்தான் என் கோபம் எல்லாம். ‘இம்புறூவ்’, ‘என்ஹான்ஸ்’, ‘அமீலியரேற்’ ஆகிய மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து, எதை எழுதினாலும் சரி, நீண்ட சொல்லை எழுதினால் புள்ளி கூடும் என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நம்பிய ஒரு மாணவி, தன்னுடைய ஆங்கில அறிவை ‘அமீலியரேற்’ செய்ய விரும்புவதாக வேலைக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவந்தாள். தன் ஆங்கிலம் சகிக்க முடியாத நிலையில் கிடக்கிறது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது போன்றது அது என்பதை நான் விளக்கியபோது, அவளுடைய முகம் வாடியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தமிழில் சொல் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். காய்ச்சல் தணிகிறது, பசியை ஆற்றுகிறோம், ஒழுகும் கூரையைத் திருத்துகிறோம், குழி விழுந்த வீதியைச் செப்பனிடுகிறோம். பனையோலையும் குழையும் தாழ்த்திச் செம்மண்ணைப் பண்படுத்துவது இங்குள்ள தோட்டக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேலை. உவர் மண்ணுக்கும் வளம் குன்றிய மண்ணுக்கும் செய்யும் இத்தகைய சீர்திருத்தத்துக்கு மண்ணியலாளர்கள் ஆங்கிலத்தில் ஆளுவதும் இதே ‘அமீலியரேற்’ என்ற சொல்லைத்தான். படாத இடத்தில் ஒரு சொல்லைப் போட்டால் உடனே காதில் இடறும் அளவுக்குக் கூர்மையான வினைகளை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ‘மேம்படுத்து’ என்ற ஒன்றையே பூசிக்கொண்டிருக்கிறோம்.

1842 இல் மானிப்பாய் அகராதி வெளிவந்த மண் இது. அமெரிக்க மிசனரி வின்சுலோ 1862 இல் சென்னையில் அச்சேற்றிய தமிழ்–ஆங்கில அகராதிக்கும் யாழ்ப்பாணத்திலேதான் வேலை தொடங்கியது. 1956 இல் இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு, சொந்த மொழியில் ஒரு படிவம் பெறுவதற்கே எத்தனை பேர் அலைந்தார்கள்! தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் ஏறியது 1987 இல். அவ்வளவு இழுபறிக்குப் பிறகு கிடைத்த இடத்தில், வாய்விட்டு ஒரு தடவை வாசித்துப் பார்க்காத தமிழை எழுதி வைப்பதை என்னால் சிறிய பிழை என்று விட்டுவிட முடியவில்லை.

‘வறுமையைத் தணிக்கும்’ என்று மாற்றுவதற்கு ஒரேயொரு சொல்லை அழித்து எழுதினால் போதும். மூன்றாவது கடிதத்தை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாதம் முடிவதற்குள் பலகை திருந்தாவிட்டால் நான்காவது கடிதத்தோடு நேரிலேயே போவேன்.