ஜார்ஜ் பெய்லியின் கோபம்

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் பற்றி யார் எழுதினாலும் "மனசுக்கு இதமான கிறிஸ்துமஸ் படம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தேவதை வருகிறார், மணி அடிக்கிறது, ஊரே கூடிப் பாடுகிறது, சுபம். டிசம்பர் பிறந்தால் போதும், இந்தப் பல்லவி தொடங்கிவிடும்.

எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை. படம் ஓடுவது சுமார் 130 நிமிடம். அந்தத் தேவதை பூமிக்கு இறங்கி வருவதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை நாம் பார்ப்பது என்ன? ஒரு மனிதன் ஆசைப்பட்ட ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, உள்ளுக்குள் புழுங்கி, கடைசியில் பாலத்தின் மேல் போய் நிற்பதை. இது ஒரு கோபக்காரனின் படம். 1946-ல் பார்வையாளர்கள் இதைக் கொண்டாடாமல் விட்டதற்கும், முப்பது நாற்பது வருடம் கழித்து அவர்களுடைய பிள்ளைகள் இதைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கும் அந்தக் கோபமே காரணம் என்பது என் கட்சி.

பார்க்காதவர்களுக்காகக் கதை. ஜார்ஜ் பெய்லிக்கு உலகம் சுற்ற வேண்டும், பெரிய பெரிய பாலங்கள் கட்ட வேண்டும். புறப்படுகிற நேரத்தில் அப்பா இறந்துபோகிறார். சாதாரண ஜனங்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் அவருடைய சின்ன நிறுவனத்தை இவன் தலையில் கட்டுகிறார்கள். படிப்புக்கு வைத்திருந்த பணம் தம்பிக்குப் போகிறது. படித்துத் திரும்பும் தம்பி பொறுப்பை ஏற்பான் என்று பார்த்தால், அவன் கல்யாணம் செய்துகொண்டு மாமனாரின் தொழிலுக்குப் போய்விடுகிறான். தேனிலவுக்கு வைத்திருந்த இரண்டாயிரம் டாலரும் ஒரே நாளில் கரைகிறது. அந்தக் காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வங்கி கதவை மூடிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஜார்ஜின் அலுவலகத்தில் கூட்டம் நெருக்குகிறது. எல்லோருக்கும் போட்ட பணம் உடனே வேண்டும். "உங்கள் பணம் இந்தப் பெட்டிக்குள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனின் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது" என்கிற மாதிரி ஜார்ஜ் விளக்கிப் பார்க்கிறான். முதல் ஆள் அசைவதாக இல்லை. தன் கணக்கில் உள்ள 242 டாலரையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார். அடுத்தவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து இருபது டாலர் போதும் என்கிறார்கள். பிறகு ஒரு பெண்மணி வந்து, பதினேழரை டாலர் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். ஜார்ஜ் எட்டி அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிடுகிறான். தொண்ணூறுகளில் இங்கே ஃபைனான்ஸ் கம்பெனி வாசல்களில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியில் விளக்கவுரை தேவைப்படாது. அன்று மாலை கதவைச் சாத்தும்போது கல்லாவில் மிச்சம் இரண்டே டாலர்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வங்கியில் கட்டப் போன எட்டாயிரம் டாலரைச் சித்தப்பா பில்லி தொலைத்துவிடுகிறார். ஜார்ஜுக்கு ஜெயில் நிச்சயம். அந்த நிலையில் வீட்டுக்கு வருகிறான். ஒரு பெண் குழந்தை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பியானோவில் வாசித்துக்கொண்டிருக்கிறது. பையன் ஏதோ எழுத்துக்கூட்டக் கேட்கிறான். சின்ன மகள் ஜூஜூ ஜலதோஷத்தோடு மாடியில் படுத்திருக்கிறாள். மாடிப்படியின் கைப்பிடிக் குமிழ் வழக்கம்போல இவன் கையோடு கழன்று வருகிறது. ஒரு நொடி அதைத் தூக்கி வீசப் பார்க்கிறான், வீசவில்லை. நலம் விசாரிக்க ஃபோன் செய்த டீச்சரைத் திட்டித் தீர்க்கிறான். நமக்கு எதற்கு இத்தனை பிள்ளைகள் என்று மனைவியிடம் கேட்கிறான், பிள்ளைகள் காதில் விழும்படியே. அப்புறம் மூலையில் இருக்கும் மேசையை உதைத்துத் தள்ளுகிறான். அதன் மேல் இருப்பவை, அவன் கட்ட ஆசைப்பட்டு, கட்ட முடியாமல், பொம்மையாகச் செய்து வைத்திருந்த பாலமும் கட்டடங்களும். குழந்தைகள் உறைந்து நிற்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு 'இதம்' என்று எப்படித்தான் சொல்ல வருகிறதோ.

ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தார். குண்டுவீச்சு விமானி, இருபது தாக்குதல் பயணங்கள். திரும்பி வந்து அவர் நடித்த முதல் படம் இது. அதில் அவருக்குக் கிடைத்த வேடமோ, ஒரு காது கேட்காததால் போருக்கே எடுக்கப்படாத ஆள். பதக்கம் வாங்குவது தம்பி. மதுக்கடையில் உட்கார்ந்து, "எனக்குப் பிரார்த்தனை செய்து பழக்கமில்லை" என்று ஆரம்பித்து வழி கேட்கும் காட்சியில் அவர் நிஜமாகவே உடைந்து அழுதுவிட்டார். அது திட்டமிட்டதல்ல. கேமரா தள்ளி இருந்ததால், இயக்குநர் ஃபிராங்க் காப்ரா பிறகு லேபில் அந்தக் காட்சியைப் பெரிதாக்கி முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் படத்தில் சொரசொரப்பு கூடியிருப்பது தெரியும். காப்ராவும் போர்க்காலம் முழுக்க அரசுக்காக ஆவணப்படம் எடுத்தவர். போரின் களைப்பு இரண்டு பேருடைய உடம்பிலும் இருந்தது.

1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி. படம் படுதோல்வி என்று சொல்வது மிகை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ஆனால் போட்ட முதல் திரும்பவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரவுதர் இதில் உணர்ச்சிவசம் மிகுதி, வாழ்க்கையைப் பற்றிய பார்வை நிஜத்தோடு ஒட்டவில்லை என்று குறைப்பட்டார். ஆஸ்கரில் கையோடு வந்த ஒரே விருது தொழில்நுட்பப் பிரிவில், செயற்கைப் பனிக்காக! அதுவரை சினிமாவில் பனி என்றால் வெள்ளை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸ். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. இதற்குத் தீயணைப்பு நுரை, சோப்பு, தண்ணீர் கலந்து சத்தமில்லாத பனி செய்தார்கள். படம் பிடித்தது கலிஃபோர்னியாவின் நடுக்கோடையில். பாலத்துக் காட்சியில் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வழிவது வேர்வைதான். அந்த வேர்வை அந்தக் காட்சிக்கு என்னமாய்ப் பொருந்தியிருக்கிறது!

அந்த வருடச் சிறந்த பட விருது, போரிலிருந்து வீடு திரும்பும் மூன்று பேரின் கதைக்குப் போனது. இயக்கியவர் வில்லியம் வைலர். காப்ராவின் சொந்த நிறுவனமான லிபர்ட்டி ஃபிலிம்ஸில் அவரும் ஒரு பங்காளி என்பது காப்ராவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஜனங்களுக்கும் அதுதான் பொருத்தமாக இருந்தது. போர் முடிந்து வேலையும் வீடும் தேடிக்கொண்டிருந்தவனிடம், ஊரை விட்டே போகாத ஒருவன் தன் வாழ்க்கை வீண் என்று குமுறுவதைக் காட்டினால் அவன் எப்படிக் கொண்டாடுவான்? அந்தக் குமுறல் புரிவதற்கு, கட்டிய வீட்டில் உட்கார்ந்து பத்து இருபது வருடம் தவணை கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு ரசிகர் கூட்டமும் இருந்தது. எஃப்.பி.ஐ. கம்யூனிஸ்ட் ஊடுருவலைத் தேடி ஹாலிவுட்டைத் துழாவிக்கொண்டிருந்த அவர்கள், 1947-ல் இந்தப் படத்தையும் குறிப்பெழுதி வைத்தார்கள். வங்கிக்காரர் பாட்டரைக் கஞ்சனாகவும் கொடியவனாகவும் காட்டுவது கம்யூனிஸ்டுகள் கையாளும் வழக்கமான உத்தியாம். பாட்டராக நடித்த லயனல் பேரிமோர், கிறிஸ்துமஸ்தோறும் வானொலியில் ஸ்குரூஜ் என்ற கஞ்சன் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துப் பேர்போனவர். இத்தனைக்கும் காப்ரா குடியரசுக் கட்சி ஆதரவாளர். ஸ்டூவர்ட் அவரைவிட ஒரு படி மேல். ஆனாலும் அந்த உளவுக்காரர்களை நான் முழுசாகக் கேலி செய்ய மாட்டேன். பணத்தைப் பற்றிய கோபம் இந்தப் படத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கண்ணில் பட்டது. இன்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இதைப் போடுகிறவர்களுக்கு அது படுவதில்லை.

படம் மறுபிறவி எடுத்த கதை எல்லோரும் சொல்வதுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 28 வருடம். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். 1974-ல் உரிமை வைத்திருந்த நிறுவனம் புதுப்பிக்கத் தவறிவிட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொண்டாட்டம். டிசம்பரில் நேரத்தை நிரப்பக் காசில்லாமல் ஒரு படம்! ஒரே இரவில் மூன்று நான்கு சேனல்களில் ஓடிய காலமும் உண்டு. ஜூஜூவாக நடித்த கரோலின் கிரைம்ஸ் என்ற குழந்தை நட்சத்திரமே படத்தை முதல்முதலாக முழுசாகப் பார்த்தது 1980 வாக்கில், நாற்பது வயதில்.

"இலவசமாகக் கிடைத்தது, அதனால் பிரபலமானது, அவ்வளவுதான்" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். புதுப்பிக்காமல் பொதுவுடைமையான ஹாலிவுட் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு ஜனங்கள் வருடந்தோறும் குடும்பத்தோடு உட்காருகிறார்கள்? டிவி கொண்டுவந்து கொடுத்தது வாய்ப்பை மட்டும்தான். எழுபதுகளில் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தவன் 1946-ன் ரசிகன் அல்ல. அவனுக்கு வீட்டுக் கடன் இருந்தது, கழன்று வரும் ஏதோ ஒரு குமிழ் இருந்தது, போகாமல் விட்ட ஊர் ஒன்று இருந்தது. பிள்ளைகள் தேவதையைப் பார்த்தார்கள். அப்பாக்கள் அந்த மேசை உதைபடுவதைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த உரிமைக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. 1990-ல் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படத்துக்கு மூலமான சிறுகதையின் உரிமை உயிரோடு இருந்தால் படத்தை இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் மூலக்கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி, இந்தப் படத்தின் இலவச ஓட்டத்தை நிறுத்தியது. அந்த வழக்கு நடந்தது ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்துக்காக. வழக்கில் தோற்ற தரப்பின் பெயர்? ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவருக்கு அந்தப் படத்தின் உரிமையில் பங்கு இருந்தது. தான் தோற்ற வழக்கால் தன்னுடைய இன்னொரு படத்துக்குப் பூட்டுப் போட்ட மனிதர் சினிமா சரித்திரத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். 1994-லிருந்து என்.பி.சி. தொலைக்காட்சி வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் காட்டத் தொடங்கியது. அரிதானதும் மவுசு கூடிவிட்டது.

படத்தில் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. ஜார்ஜ் பிறக்காமலே போயிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று தேவதை காட்டுகிறார் அல்லவா, அதில் மனைவி மேரிக்கு நேர்ந்த மகா கொடுமை என்ன தெரியுமா? கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாணம் ஆகாமல், நூலகத்தில் வேலை பார்க்கிறாள். இதைப் பார்த்து நாம் பதற வேண்டுமாம்! வீட்டுப் பணிப்பெண் ஆனியாக வரும் கறுப்பினப் பெண்ணுக்குக் கடைசிக் காட்சியில்கூட ஒரு நகைச்சுவை வரியோடு சரி. பாட்டரின் பிடியில் போன ஊரில் இசையும் நடனமும் கேளிக்கை விடுதியுமாக இருப்பதைப் பார்த்து, இந்த ஊர்தான் கலகலப்பாக இருக்கிறது என்று எழுதிய அமெரிக்க விமர்சகர்களும் உண்டு. சனிக்கிழமை ராத்திரிக்கு அது சரிதான். திங்கள்கிழமை வீட்டு வாடகையை யாரிடம் கட்டுவது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

பார்வையாளர்களை இன்றுவரை அரிக்கிற விஷயம் பாட்டர்தான். தொலைந்த எட்டாயிரம் அவர் கையில்தான் சிக்குகிறது. தெரிந்தே அமுக்கிக்கொள்கிறார். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி குற்றவாளி தண்டனை அடைந்தாக வேண்டும். இந்தப் படத்தில் அது நடக்கவே இல்லை. மனம் மாறிய ஜார்ஜ் தெருவில் ஓடிக்கொண்டே பாட்டரின் ஜன்னலைத் தட்டி கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறான். உள்ளேயிருந்து வரும் பதில்: "உனக்குப் புத்தாண்டு வாழ்த்து, ஜெயிலில்!" அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவரைக் காணோம். நாற்பது வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1986-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 'காணாமல் போன கிளைமாக்ஸ்' என்று ஒரு நையாண்டி நாடகம் போட்டார்கள். ஊரே திரண்டு போய் பாட்டரை அடித்து நொறுக்குகிறது. அரங்கம் ஆரவாரித்தது.

எனக்கும் அதைப் பார்க்கக் குஷியாகத்தான் இருந்தது. ஆனால் காப்ரா செய்ததே சரி. பாட்டர் மாட்டிக்கொண்டால் ஜார்ஜின் கோபத்துக்கு ஒரு வடிகால் கிடைத்துவிடும், நாமும் நிம்மதியாக எழுந்து போய்விடுவோம். இப்போது கடைசிக் காட்சியில் ஊர்க்காரர்கள் மேசையில் காசைக் கொட்டுகிறபோது, அதே ஊரில் அவர்களுடைய வாடகையைப் பாட்டர் நாளைக்கும் வசூலிக்கப் போகிறார் என்பது நமக்குத் தெரிகிறது. ஜார்ஜ் உலகம் சுற்றப் போவதுமில்லை, பாலம் கட்டப் போவதுமில்லை. அந்தக் குமிழ் மறுபடி கையோடு கழன்று வருகிறது, இம்முறை அதற்கு முத்தம் கொடுக்கிறான். குமிழை யாரும் சரி செய்யவில்லை, கவனித்தீர்களா?

இதுவரை பார்க்காதவர்கள் தயவுசெய்து கறுப்பு வெள்ளையில் பாருங்கள். எண்பதுகளில் இதற்குச் சாயம் பூசி விட்டார்கள், காப்ராவும் ஸ்டூவர்ட்டும் கடுமையாக எதிர்த்தும் கேட்கவில்லை. வண்ணப் பதிப்பில் எல்லோர் கன்னமும் ஒரே ரோஸ் நிறம். மேசையை உதைக்கிற ஜார்ஜின் முகம்கூட. அதைப் பார்த்துவிட்டு வந்து "இதமாகத்தானே இருக்கிறது" என்று என்னோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.