டர்போ ராடை இறுக்கினால் பவர் இலவசமா?

"வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் ராடின் நட்டை மூன்று சுற்று இறுக்கினால் பூஸ்ட் ஏறும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. வேஸ்ட்கேட் என்பது டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் வால்வு; ராடு வழியாக அதை அசைப்பது ஆக்சுவேட்டர். பூஸ்ட் என்பது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். அந்தத் தகவலின் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தவறு.

ராடின் நீளம் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், வால்வு தாமதமாகத் திறக்கும். ஆனால் சுற்றுக்கு இத்தனை பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்ற பொதுக்கணக்கு கிடையாது. அளவுக்கு மீறினால் வால்வு முழுதாகத் திறக்காது. அதிக ஆர்பிஎம்மில் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். பெட்ரோல் இன்ஜினில் அடுத்து நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடித்து எரிவது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள கார், பூஸ்ட் மிகை என்று சொல்லும் பி0234 கோடு காட்டி, பவரைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போய்விடலாம். இருந்த பவரும் போச்சு!

விஜிடி (உள்ளே இருக்கும் வேன் எனும் தகடுகளை அசைத்து பூஸ்டைக் கட்டுப்படுத்தும் டர்போ) உள்ள டீசலில் பொதுவாக வேஸ்ட்கேட்டே இருக்காது. டர்போ ஹவுசிங்கில் தெரியும் ஸ்டாப் ஸ்க்ரூ, அந்தத் தகடுகள் எதுவரை மூடலாம் என்ற எல்லை மட்டுமே.

அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்றால், ஹோஸைக் கழற்றி கேஜ் உள்ள கை பம்பால் காற்று கொடுங்கள். ராடு அசையத் தொடங்கும் அழுத்தம் சர்வீஸ் மேனுவலோடு ஒத்துப்போனால் நட்டைத் தொடாதீர்கள். பூஸ்ட் குறைவுக்கு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப், எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.