அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியது தப்பு

ஞாயிற்றுக்கிழமை சங்க ஹாலில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பாதியில் நிறுத்தியது தப்பு. "இந்த ஒப்பாரி நமக்கு எதுக்கு" என்று மைக்கில் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, வேறு சிரிப்புப் படத்தைப் போட்டது அதைவிடத் தப்பு.

'ஹவுஸ் ஆஃப் சாண்ட் அண்ட் ஃபாக்', 2003-இல் வந்த படம். கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா விட்டுப்போன சின்ன வீடு. அவள் கட்ட வேண்டியதே இல்லாத வரிக்காக அதை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். எடுப்பவர் ஈரானிலிருந்து குடும்பத்தோடு வந்த பழைய ராணுவ கர்னல். பகலில் ரோடு வேலை, ராத்திரியில் கடை வேலை. கையில் மிஞ்சியதைப் போட்டு வாங்குகிறார். அவர் திருடவில்லை, அவளும் ஏமாற்றவில்லை. தப்பு செய்தது ஓர் அலுவலகம். அடித்துக்கொண்டு அழிவது இவர்கள்.

கர்னலாக பென் கிங்ஸ்லி. 1982-இல் காந்தியாக நடித்தாரே, அவரேதான். ரோடு வேலை முடிந்ததும் ஹோட்டல் கழிப்பறையில் அழுக்கைக் கழுவி, கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அந்த முகத்தைப் பார்த்தால் போதும், வசனமே வேண்டாம். மனைவியாக ஷோரே அக்டஷ்லூ. வாசலில் ஆணி குத்திய காலோடு நிற்கும் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், காயத்தைக் கழுவிக் கட்டுப்போடுவார். இருவருமே அந்தப் படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள். கர்னல் தன் மகனுக்காகக் கடவுளிடம் மன்றாடுகிற காட்சி வருவதற்குள் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

"வயசானவங்க மனசு கஷ்டப்படும்" என்கிறீர்கள். அவர்களிடம் கேட்டீர்களா? முன்வரிசையில் இருந்த பாட்டிகளில் ஒருவரும் எழுந்து போகவில்லை. காரில் ஏறியதும் என் மாமியார் கேட்டது, "கடைசியில் அந்த வீடு யாருக்குத்தான் போச்சு?" தென்னாப்பிரிக்காவில், டர்பனின் கேட்டோ மேனரில் வீட்டை இழந்து, சாமான் சட்டியோடு சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர்கள் அந்தப் பாட்டிகள். வீடு போகிற கதையைப் பார்க்கத் தெம்பில்லாதவர்கள் என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள்.

ஈரான்காரர் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மேலே படிக்க வேண்டாம்.

வரி அலுவலகத்துக் கடிதங்களைப் படத்தில் அந்தப் பெண் பிரிக்காமலே போட்டு வைத்திருப்பாள். "வந்த கடிதத்தைப் பிரிக்காதது அவள் தப்புதானே?" என்கிறீர்கள். இதுதான் என்னைச் சுட்டது. சரி, அவள் பிரிக்கவில்லை. எங்கள் ஆயாவும்தான் பிரிக்கவில்லை. கேட்டோ மேனரில் பலகையும் தகரமுமாக ஒரு வீடு, பின்னால் கீரைப் பாத்தி. இருட்டோடு எழுந்து கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். ஆங்கிலத்தில் வந்த தபாலையெல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த அப்பாதான் ஒரு நாள் எடுத்து வாசித்திருக்கிறார், காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்று. எந்த இனத்தார் எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம். ஆயா நேரத்தோடு பிரித்திருந்தால் வீடு நின்றிருக்குமா? அங்கே கோயில்கள் நின்றன, வீடுகள் நிற்கவில்லை. பிரிக்கவில்லை என்று அவளைக் குற்றம் சொல்லும்போது யாரைச் சொல்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

அதோடும் முடியவில்லை. பிடுங்கிய நிலத்தைத் திரும்பக் கேட்க 1994-இல் சட்டம் வந்தது, 1998 டிசம்பர் 31-க்குள் மனு போடச் சொன்னார்கள். போட்டோம். நிலம் திரும்பவில்லை, பணம் வந்தது. அந்தப் பணத்தைப் பங்கு போடும்போது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றது. ஆயாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது சித்தப்பா, மனுவுக்கு அலைந்தது அப்பா. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. சித்தப்பா சாவுக்கு அப்பா போய் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தார். வீட்டைப் பிடுங்கியவனிடம் யாரும் முகத்தைத் திருப்பவில்லை, அண்ணனும் தம்பியும் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசாத அந்தச் சங்கதியை ஒரு படம் காட்டியது, நீங்கள் விளக்கைப் போட்டுவிட்டீர்கள்.

"உன் குடும்பக் கதையை ஏன் ஊர்மேல் ஏற்றுகிறாய்" என்று கேட்பீர்கள். என் குடும்பம் மட்டுமா? சாட்ஸ்வர்த்தில் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

அண்ணே, படத்தை நிறுத்தியது நீங்கள்தான் என்றாலும் உங்கள்மேல் மரியாதை இருக்கிறது. சங்கத்துக்கு ஓடி ஓடி உழைப்பவர் நீங்கள். படம் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். "நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று எங்களையும் சேர்த்துப் பேசாதீர்கள்.